பச்சை முட்டைக் கோழியின் குஞ்சுகளில் பாதி ஏன் பச்சை முட்டை இடவில்லை?

சிப்புட்_கூண்டு கேட்டது:

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்து வீடு. கோழிகள் பகலில் செம்பனைக்குள் மேயும், மாலையில் கூண்டுக்கு வந்துவிடும். கம்பத்துக் கோழிகள் (நாட்டுக்கோழிகள்) பத்துப் பன்னிரண்டு, பண்ணையில் முட்டைக்கு வளர்த்த பழைய லேயர் கோழி இரண்டு, நீல முட்டை இடும் அரக்கானா இனத்தின் கலப்பு என்று சொல்லி விற்ற பெட்டை ஒன்று. அந்தப் பெட்டை நல்ல பச்சை முட்டை இடும். அதைக் கம்பத்துச் சேவலோடு சேர்த்துப் பொரித்ததில் ஏழு விடைக்கோழிகள் இப்போது முட்டைக்கு வந்திருக்கின்றன. நாலு பச்சை, மூன்று சந்தன நிறம்.

எல்லாமே பச்சை முட்டையிலிருந்து பொரித்த குஞ்சுகள்தான். அப்புறம் ஏன் இப்படி? பச்சையை நிலையாக நிறுத்த எந்தச் சேவலை வைத்துக்கொள்வது? இன்னொன்று, தாய்க்கோழியின் முட்டை ஆரம்பத்தில் இருந்ததைவிட இப்போது வெளுத்துத் தெரிகிறது. தீவனத்தில் கோளாறா? பக்கத்து வீட்டுச் சேவலும் செம்பனைக்குள் சுற்றுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கூண்டுப்பலகை:

தம்பி, ஏழில் நாலு என்றால் கணக்குப்படிதான் வந்திருக்கிறது. குறை எதுவும் இல்லை.

முதலில் ஓட்டு நிறத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கோழி முட்டை ஓட்டுக்கு அடிநிறம் இரண்டே: வெள்ளை, நீலம். பழுப்பு என்பது அந்த ஓட்டின்மேல் பூசப்படும் பூச்சு. பச்சைக்கென்று தனி நிறமி கிடையாது. நீல ஓட்டின்மேல் பழுப்பு படிந்தால் நம் கண்ணுக்குப் பச்சை. பழுப்பு லேசாக இருந்தால் இளம்பச்சை, கனமாக இருந்தால் ஒலிவ் நிறம்.

முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகும். அதில் சுமார் 20 மணி நேரம் ஓட்டுச் சுரப்பியில் கழிகிறது. நீல நிறமி பிலிவெர்டின். ஓடு வளர வளர அதோடு சேர்ந்தே இறங்குவதால் ஓட்டின் உள்பக்கமும் நீலம். பழுப்பு நிறமி புரோட்டோபோர்ஃபிரின். இதன் பெரும்பகுதி கடைசிச் சில மணி நேரத்தில்தான் வெளிப்பக்கத்தில் படிகிறது. அதனால் பழுப்பு முட்டையை உடைத்து உள்சவ்வை உரித்தால் உள்ளே வெள்ளை தெரியும்.

இதை இன்றைக்கே சோதிக்கலாம். பச்சை முட்டை ஒன்றையும் சந்தன நிற முட்டை ஒன்றையும் உடைத்து, ஓட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, கட்டைவிரலால் சவ்வை உருட்டி எடுங்கள். வெள்ளைத் தாளின்மேல் இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். பச்சையின் உள்பக்கம் வான நீலமாக இருக்கும், சந்தனத்தின் உள்பக்கம் வெறும் வெள்ளை. இன்னொரு வழி வினிகர். முழு முட்டையைச் சில நிமிடம் வினிகரில் ஊறவைத்துச் சொரசொரப்பான துணியால் தேய்த்தால் பழுப்புப் பூச்சு கழன்று வரும், நீலம் போகாது. ரூபாய் நோட்டுச் சோதிக்கும் ஊதாக்கதிர் டார்ச் இருந்தால் அறையை இருட்டாக்கி அடித்துப் பாருங்கள். பழுப்பு நிறமி சிவப்பாக ஒளிரும், நீல நிறமி அப்படி ஒளிராது.

இனி மரபுக் கணக்கு. நீலத்துக்கு ஒரே மரபணு, ஓ என்று குறிப்பார்கள். 1933-ல் கேம்பிரிட்ஜ் மரபியலாளர் புன்னெட் இது ஓங்கு மரபணு என்று காட்டினார். 2013-ல் அதன் காரணமும் தெரிந்தது. முதலாம் நிறப்புரியில் (குரோமோசோமில்) ஒரு பழைய ரெட்ரோவைரஸ் துண்டு வந்து செருகிக்கொண்டு, எஸ்எல்சிஓ1பி3 என்ற மரபணுவை ஓட்டுச் சுரப்பியில் வேலை செய்ய வைக்கிறது, அதனால் ஓட்டில் நீலம் சேர்கிறது. அரக்கானாவில் ஒரு செருகல், சீனாவின் தோங்சியாங், லூஷி கோழிகளில் தனியாக நிகழ்ந்த இன்னொரு செருகல்.

ஒரு மரபணு தாய்வழி ஒன்று, தகப்பன்வழி ஒன்று என இரண்டு பிரதியாக வரும். ஓங்கு மரபணு என்பதால் நீலத்துக்கு ஒரு பிரதி இருந்தாலே நீலம் வந்துவிடும். உங்கள் பெட்டையிடம் ஒரு பிரதிதான் இருக்கிறது, சேவலிடம் ஒன்றும் இல்லை. தாய் ஒவ்வொரு குஞ்சுக்கும் அந்தப் பிரதியைக் கொடுக்கவும் கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம், காசைச் சுண்டிப் போடுவது மாதிரி. அதனால் மகள்களில் பாதி பச்சை, பாதி சந்தனம். பெட்டையிடம் இரண்டு பிரதி இருந்திருந்தால் ஏழும் பச்சையாக வந்திருக்கும்.

இதோடு ஒரு விஷயத்தை மனதில் நிறுத்துங்கள். ஓட்டின் நிறம் முட்டையிட்ட கோழியின் மரபணுவைத்தான் காட்டும், உள்ளே இருக்கும் குஞ்சின் மரபணுவை அல்ல. பச்சை முட்டையைத் தேர்ந்தெடுத்து அடை வைத்தாலும் குஞ்சுகளில் பாதிக்கு நீலம் இல்லாமல் போகலாம். அதேபோல எந்தச் சேவல் மிதித்தாலும் அந்தப் பெட்டையின் ஓட்டு நிறம் மாறாது. சேவலின் பங்கு மகள்களின் முட்டையில்தான் தெரியும்.

பழுப்பு வேறு கதை. அதற்குப் பல மரபணுக்கள், ஒவ்வொன்றும் கொஞ்சம் கூட்டும் அல்லது குறைக்கும். கரும்பழுப்பு முட்டை வம்சத்தையும் வெள்ளை முட்டை வம்சத்தையும் கலந்தால் மகள்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் இளம்பழுப்பு இடும். உங்கள் நாலு பச்சையும் ஒரே பச்சையாக இருக்காது என்று நினைக்கிறேன். அந்த வித்தியாசம் பழுப்பு மரபணுக்களால் வருவது.

லாடாங்_சேவல்:

காது மடலைப் பார்த்தால் போதுமே. வெள்ளை மடல் என்றால் வெள்ளை முட்டை, சிவப்பு மடல் என்றால் பழுப்பு முட்டை. சேவலுக்கும் அதே கணக்கு.

கூண்டுப்பலகை:

அந்த விதி லெக்ஹார்ன், ரோட் ஐலண்ட் ரெட் என்ற இரண்டு இனங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொருந்தும், அவ்வளவுதான். ஸ்பெயினின் பெனடெசென்காவுக்கு வெள்ளை மடல், முட்டையோ கரும்பழுப்பு. டார்க்கிங்குக்குச் சிவப்பு மடல், முட்டை வெள்ளை அல்லது லேசான சந்தனம். அரக்கானாவுக்குச் சிவப்பு மடல், முட்டை நீலம். மடல் நிறமும் ஓட்டு நிறமும் வெவ்வேறு மரபணுக்களின் வேலை. தூய இனத்தில் இரண்டும் சேர்ந்தே வருவதால் தொடர்பு இருப்பது போலத் தெரிகிறது. கலப்புக் கோழியில் அது பிரிந்துவிடும். இறகு நிறத்தை வைத்துச் சொல்வதும் இப்படித்தான். கறுப்புக் கோழி என்று செமானி இனத்தின் முட்டையைக் கறுப்பாகப் படம் போட்டு விற்கிறார்கள். செமானி இடுவது சந்தன நிற முட்டை.

செம்பனை_அக்கா:

தம்பி, பக்கத்து வீட்டுச் சேவல் சுற்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் சரிசெய்யுங்கள். தகப்பன் யார் என்று தெரியாமல் மரபுக் கணக்குப் போட முடியாது.

பெட்டையின் உடம்பில் சேவலின் விந்து இரண்டு மூன்று வாரம் உயிரோடு தங்கியிருக்கும். அதனால் இன்றைக்குத் தனிக் கூண்டில் அடைத்து, வேறு சேவலைவிட்டு, அடுத்த வார முட்டையை அடை வைத்தால் தகப்பன் யாராகவும் இருக்கலாம். சேவலே இல்லாமல் மூன்று வாரம் முழுதாகப் பிரித்து வையுங்கள். நாலு வாரம் என்றால் சந்தேகமே வேண்டாம். அதற்கப்புறம் வேண்டிய சேவலை உள்ளே விட்டு, ஒரு வாரம் கழித்து வரும் முட்டைகளை எடுத்துச் சேருங்கள். கூண்டுக்குக் கம்பிவலை மேல்பக்கமும் வேண்டும். கம்பத்துச் சேவல் ஆறடி வேலியை ஒரு பொருட்டாகவே நினைக்காது.

அடுத்து, எந்த முட்டை எந்தக் கோழியுடையது என்ற உறுதி. ஒரே பெட்டியில் நாலு கோழி இட்டால் ஊகம்தான் மிஞ்சும். உள்ளே போனதும் கதவு விழுகிற முட்டைப்பெட்டி செய்யலாம், ஆனால் ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை போய்த் திறந்துவிட ஆள் வேண்டும். வெயிலில் அடைபட்ட கோழி மூச்சுத் திணறும். ஆள் இல்லையென்றால் இரவில் கோழி மேடையில் உட்கார்ந்திருக்கும்போது எச்சத் துவாரத்தைச் சுற்றிப் பலகாரத்தில் சேர்க்கும் சாயத்தை விரலால் தடவிவிடுங்கள், ஒரு கோழிக்குச் சிவப்பு, இன்னொன்றுக்கு ஊதா. காலையில் முட்டைமேல் கோடு விழுந்திருக்கும்.

கோழிக்குக் கால் வளையம் போடுங்கள். கேபிள் டை போட்டால் குஞ்சுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தளர்த்தி மாற்ற வேண்டும், மறந்தால் காலை அறுத்துவிடும். முட்டையில் பென்சிலால் தாய் எண்ணும் தேதியும் எழுதுங்கள். மார்க்கர் வேண்டாம், மை ஓட்டின் நுண்துளைக்குள் போகும். இன்குபேட்டரில் வைத்தால் 18-ஆம் நாள் ஒவ்வொரு தாயின் முட்டைகளையும் தனித்தனி வலைக்கூடையில் மாற்றிவிடுங்கள். பொரித்த பிறகு குஞ்சுகள் கலந்துவிட்டால் எழுதியதெல்லாம் வீண்.

பச்சை முட்டைக்கும் இன்குபேட்டர் கணக்கு ஒன்றுதான். விசிறி உள்ளதில் 37.5 முதல் 37.8 டிகிரி. ஈரப்பதம் முதல் 18 நாள் 50-லிருந்து 55 விழுக்காடு, கடைசி மூன்று நாள் 65-லிருந்து 70. நம் ஊர்க் காற்றே ஈரம், அதனால் மழைக்காலத்தில் முதல் 18 நாளுக்குத் தண்ணீரே ஊற்றத் தேவைப்படாமல் போகலாம், ஈரமானியைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். ஒரு வித்தியாசம் மட்டும்: பச்சை ஓடும் கரும்பழுப்பு ஓடும் வெளிச்சத்தை மறைக்கும். ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்து நரம்பு தெரியவில்லை என்று எறிந்துவிடாதீர்கள். பலமான டார்ச்சால் பத்தாம் நாள் மறுபடி பாருங்கள்.

பட்டாணிக்கொண்டை:

சிப்புட் தம்பிக்கு ஒரு கேள்வி. தாய்க்கோழிக்கு எப்படிப்பட்ட கொண்டை? ஏழு விடைக்கோழிகளின் கொண்டையையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, எது என்ன நிறம் இடுகிறது என்று எழுதுங்கள். கம்பத்துச் சேவலின் கொண்டையும் வேண்டும்.

சிப்புட்_கூண்டு:

நன்றி அண்ணே, நன்றி அக்கா. ஓட்டை உரித்துப் பார்த்தேன், பச்சையின் உள்ளே நீலம், சந்தனத்தின் உள்ளே வெள்ளை.

தாய்க்குத் தாழ்வான கொண்டை, மூன்று வரிசையாகச் சின்னச் சின்ன மேடு, நடு வரிசை கொஞ்சம் உயரம். சேவலுக்கு நிமிர்ந்த ஒற்றைக் கொண்டை. பச்சை இடும் நாலுக்கும் தாய் மாதிரியே. சந்தனம் இடும் மூன்றுக்கும் சேவல் மாதிரி ஒற்றைக் கொண்டை. சகோதரச் சேவல்கள் ஆறு இருக்கின்றன, மூன்றுக்குத் தாய்க் கொண்டை, மூன்றுக்கு ஒற்றைக் கொண்டை.

பட்டாணிக்கொண்டை:

உங்களுக்கு நல்ல நேரம் தம்பி, வேலை பாதியாகக் குறைந்துவிட்டது.

தாய்க்கு இருப்பது பட்டாணிக் கொண்டை. அதன் மரபணுவும் முதலாம் நிறப்புரியில், நீல மரபணுவுக்கு வெகு அருகில் இருக்கிறது. அரக்கானா வம்சத்தில் இரண்டும் ஒரே இழையில் இருப்பதால் சேர்ந்தே பிள்ளைகளுக்குப் போகும். பிரிந்து போவது நூற்றில் ஏறக்குறைய மூன்றிலிருந்து ஐந்துதான். ஆகவே உங்கள் கூட்டத்தில் பட்டாணிக் கொண்டை உள்ள சேவல் மூன்றும் நீலத்தைச் சுமப்பவை என்று எடுத்துக்கொள்ளலாம். ஒற்றைக் கொண்டைச் சேவல் மூன்றையும் கறிக்கு ஒதுக்கலாம்.

இதைப் பொரித்த அன்றே பார்க்கலாம் என்பதுதான் பெரிய வசதி. குஞ்சின் அலகுக்கு மேலே டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். ஒற்றைக் கொண்டைக் குஞ்சுக்கு மெல்லிய ஒரே கோடு ரம்பப் பல் போல எழும்பியிருக்கும். பட்டாணிக் கொண்டைக்கு அந்த இடம் அகன்று, தட்டையாக, மெழுகு அமுக்கியது போல இருக்கும். கம்பத்துக் கலப்பு முட்டைக்கு வர ஐந்து ஆறு மாதம் ஆகும். அதுவரை தீவனம் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

எங்கே இது ஏமாற்றும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அசீல், சியாம் சண்டைக்கோழி, பிரம்மா இவற்றுக்கும் பட்டாணிக் கொண்டை உண்டு, நீல மரபணு கிடையாது. தோட்டப்புறங்களில் சண்டைச்சேவல் ரத்தம் கலக்காத கம்பத்துக் கோழி அபூர்வம். அந்த ரத்தம் உள்ள சேவலைச் சேர்த்தால் கொண்டைக்கும் முட்டைக்கும் தொடர்பு அறுந்துவிடும். மறுபுறம் கிரீம் லெக்பார் ஒற்றைக் கொண்டையோடு நீல முட்டை இடும். அதன் வம்சத்தில் நீலம் ஒற்றைக் கொண்டையோடு சேர்ந்துகொண்டது. ஆகவே புதுச் சேவல் வாங்கும்போது கொண்டையைப் பார்த்து மட்டும் காசு கொடுக்காதீர்கள், தாயும் தகப்பன் வழிப் பாட்டியும் இட்ட முட்டையைக் கேளுங்கள்.

நிலையாக நிறுத்த இரண்டு பிரதி உள்ள சேவல் வேண்டும். பட்டாணிக் கொண்டைச் சேவல் ஒன்றையும் பச்சை இடும் விடைக்கோழிகளையும் சேர்த்தால் குஞ்சுகளில் கால்பங்குக்கு இரண்டு பிரதி, அரைப்பங்குக்கு ஒன்று, கால்பங்குக்கு ஒன்றுமில்லை. 24 முட்டை வைத்தால் பதினெட்டுக் குஞ்சு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் சேவல் ஒன்பது, இரண்டு பிரதி உள்ளவை இரண்டு. 12 முட்டை மட்டும் வைத்தால் ஒன்றுகூடக் கிடைக்காமல் போக நிறைய வாய்ப்பு உண்டு.

அந்த இரண்டை எப்படிக் கண்டுபிடிப்பது? பட்டாணி மரபணு இரண்டு பிரதி உள்ள கொண்டை இன்னும் தாழ்வாக, மூன்று வரிசையும் ஒழுங்காக இருக்கும். ஒரு பிரதி என்றால் நடு வரிசை உயர்ந்து நெளிந்திருக்கும், உங்கள் தாய்க்கோழிக்கு இருப்பது போல. தாழ்ந்த கொண்டைச் சேவலை எடுத்து, உங்கள் ஒற்றைக் கொண்டைக் கம்பத்துப் பெட்டைகளோடு விட்டுப் பொரியுங்கள். குஞ்சுகளில் ஒன்றே ஒன்று ஒற்றைக் கொண்டையோடு வந்தாலும் அந்தச் சேவலிடம் ஒரு பிரதிதான். ஏழு குஞ்சும் பட்டாணிக் கொண்டை என்றால், ஒரு பிரதிச் சேவலுக்கு அப்படி அமைய 128-ல் ஒரு வாய்ப்புத்தான். இதற்கு ஆண் குஞ்சும் கணக்கில் சேரும், ஒரே பொரிப்பில் விடை தெரிந்துவிடும். முட்டை நிறத்தை வைத்துச் சோதித்தால் ஏழு மகள் வேண்டும், ஐந்து ஆறு மாதமும் வேண்டும். ஆனாலும் மகள்கள் முட்டைக்கு வந்ததும் சரிபார்க்காமல் விடாதீர்கள், அந்த மூன்று ஐந்து விழுக்காடு இருக்கிறது.

அண்ணன் தங்கைச் சேர்க்கையை ஒரு தலைமுறையோடு நிறுத்துங்கள். அதன்பின் கம்பத்துப் பெட்டைகளோடு சேர்த்து ரத்தத்தை விரியுங்கள். தொடர்ந்தால் முதலில் பொரிப்பு விழுக்காடு இறங்கும், பிறகு குஞ்சுச் சாவு கூடும்.

வெளிநாட்டு அடைமுட்டையைத் தபாலில் வரவழைக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால், அரசின் இறக்குமதி அனுமதி இல்லாமல் தொடாதீர்கள்.

தீவனக்கடை:

வெளுப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். சிப்புட், பெட்டைக்கு என்ன தீவனம் போடுகிறீர்கள்? கறிக்கோழிக் குஞ்சுத் தீவனம் என்றால் மூட்டையில் தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள். நிகார்பசின் என்று இருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். ரத்தக்கழிச்சலுக்காகச் சேர்க்கும் அந்த மருந்து ஓட்டின் பழுப்பை ஓரிரு நாளில் வெளுக்க வைக்கும், பொரிப்பையும் கெடுக்கும். நிறுத்தினால் நிறம் திரும்பும். முட்டையிடும் கோழிக்கு லேயர் தீவனம் போடுங்கள், கால்சியம் மூன்றரை முதல் நாலு விழுக்காடு. சிப்பித் தூளைத் தனிப் பாத்திரத்தில் வையுங்கள். முட்டைக்கு வராத விடைக்கோழிக்கு லேயர் தீவனம் வேண்டாம், அந்தக் கால்சியம் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

தீவனம் சரியென்றால் இயல்பான வெளுப்பாகவே இருக்கலாம். முட்டைப் பருவம் போகப் போக முட்டை பெரிதாகும், பூச்சு அதே அளவு, பரப்பு அதிகம், நிறம் மெலியும். இறகு உதிர்த்து மறுபடி இடத் தொடங்கும்போது கருமை திரும்பும். அதனால் இரண்டு கோழிகளின் நிறத்தை ஒப்பிடுவதென்றால் இரண்டின் முதல் பத்து முட்டைகளை ஒப்பிடுங்கள்.

இரவில் மூசாங் (மரநாய்) கூண்டைச் சுற்றினாலும், நாய் துரத்தினாலும் அடுத்த நாள் முட்டை வெளுத்து, மேலே சுண்ணாம்புத் தூள் படிந்தது போல வரும். பயத்தில் கோழி முட்டையை உள்ளேயே நிறுத்திவைப்பதால் பூச்சுக்கு மேல் சுண்ணாம்பு இறங்கிவிடுகிறது. ஒரு கோழி, ஒரு நாள் என்றால் கவலை வேண்டாம். ஆனால் கூட்டமே ஒன்றாக வெளுத்து, ஓடு மெலிந்து, சுருக்கம் விழுந்து, முட்டை எண்ணிக்கையும் குறைந்தால் அது நோய். தொற்று மூச்சுக்குழல் அழற்சியோ வெள்ளைக்கழிச்சலோ முட்டை வீழ்ச்சி நோயோ இருக்கலாம். அடை வைப்பதை நிறுத்திவிட்டு மாவட்டக் கால்நடைத் துறை அலுவலகத்தில் காட்டுங்கள்.

நீலத்தைத் தீவனத்தால் கூட்ட முடியாது. கீரையும் மக்காச்சோளமும் மஞ்சள்கருவை மட்டும்தான் மாற்றும். பச்சை ஓடு என்பதற்காக உள்ளே சத்தும் கூடிவிடாது. வாங்குகிறவர் கேட்டால் அப்படியே சொல்லுங்கள்.

சிப்புட்_கூண்டு:

தீவனச் சீட்டைப் பார்த்தேன், லேயர் தீவனம்தான், மருந்து எதுவும் இல்லை. தாய் இட ஆரம்பித்துப் பல மாதம் ஆகிறது, முட்டையும் பெரிதாகியிருக்கிறது. அப்படியென்றால் இயல்பான வெளுப்புத்தான்.

கடைசியாக ஒன்று. ஒலிவ் நிறம் வேண்டுமென்றால் அந்தப் பழைய லேயர் கோழிகள் உதவுமா?

கூண்டுப்பலகை:

உதவும், ஆனால் ஒரு படிதான். பண்ணை லேயர் இடுவது நடுத்தரப் பழுப்பு. நீல மரபணு உள்ள சேவலோடு சேர்த்தால் அந்த மரபணு பெற்ற மகள்களுக்கு நடுத்தரப் பச்சை வரும், உங்கள் கம்பத்துக் கலப்பைவிடக் கொஞ்சம் அடர்த்தி. அடர் ஒலிவ் வேண்டுமென்றால் மரான்ஸ் மாதிரிக் கரும்பழுப்பு வம்சம் வேண்டும். பச்சை இடும் மகளை மறுபடி மரான்ஸ் சேவலோடு சேர்த்தால் ஒலிவ் இன்னும் கறுக்கும், ஆனால் மகளிடம் நீலம் ஒரு பிரதிதான் என்பதால் பேத்திகளில் பாதி பழுப்புக்குப் போய்விடும். அடர்த்தியும் வேண்டும், எல்லாமே பச்சையாகவும் வேண்டும் என்றால் இரண்டையும் ஒரே தலைமுறையில் பிடிக்க முடியாது. முதலில் இரண்டு பிரதிச் சேவலை உறுதிசெய்யுங்கள், பழுப்பைப் பிறகு கூட்டலாம்.

லேயர் கோழி நாலு வம்சத்தைக் கலந்து உருவாக்கியது, அதன் குஞ்சுகள் நிறத்திலும் உருவத்திலும் ஆளுக்கொரு மாதிரி வரும். அடை உட்காரும் குணமும் அதனிடம் இல்லை. அதன் முட்டையைக் கம்பத்து அடைக்கோழிக்குக் கீழே வையுங்கள், உடம்புக்கு ஏற்ப ஒன்பது பத்து முட்டைக்கு மேல் வேண்டாம். பழைய லேயர் என்றால் ஓடு மெலிந்திருக்கும், அடை வைக்குமுன் டார்ச் அடித்து மயிரிழை விரிசல் உள்ளதை ஒதுக்கிவிடுங்கள்.